கமுதியின் சூரிய மின்சாரம்: 7 ரூபாய் 1 காசின் கதை

ராமநாதபுரம் மாவட்டம் கமுதிக்குப் பக்கத்தில் இருக்கும் சூரிய மின் நிலையத்தைப் பற்றி எங்கே படித்தாலும் முதலில் கண்ணில் படுவது 648 என்கிற எண். 648 மெகாவாட். 2016 செப்டம்பரில் அர்ப்பணித்தபோது, ஒரே இடத்தில் அமைந்த சூரிய மின் நிலையங்களில் உலகிலேயே பெரியது என்று அறிவித்தார்கள். கலிஃபோர்னியாவின் 550 மெகாவாட் டோபாஸ் நிலையத்தை முந்திவிட்டதாக வெளிநாட்டு ஊடகங்களும் எழுதின. அந்தப் பெருமை அதிக நாள் நிற்கவில்லை. கர்நாடகத்தின் பாவகடா, ராஜஸ்தானின் பட்லா இரண்டும் இன்று 2,000 மெகாவாட்டைத் தாண்டியவை.

கமுதியைப் புரிந்துகொள்ள 648-ஐ விடக் கூடுதலாக உதவும் எண் ஒன்று இருக்கிறது: 7.01. ஒரு யூனிட் மின்சாரத்துக்குத் தமிழ்நாடு மின்வாரியம் கொடுக்க ஒப்புக்கொண்ட விலை, 7 ரூபாய் 1 காசு. 2015 ஜூலை 4 அன்று அதானி குழும நிறுவனங்களுடன் கையெழுத்தான மின் கொள்முதல் ஒப்பந்தத்தில் உள்ள விலை அது. 25 ஆண்டுக்கு மாறாது. நிலையம் ஏன் அவ்வளவு அவசரமாகக் கட்டப்பட்டது, அரசியலில் ஏன் அடிபட்டது, அப்புறம் எதற்காக வழக்கு நடந்தது என்று எதை எடுத்தாலும் இந்த விலைக்கே வந்து நிற்க வேண்டியிருக்கிறது.

முதலில் இடத்தைப் பார்த்துவிடலாம். மதுரையிலிருந்து சுமார் 90 கிலோமீட்டர். முத்துராமலிங்கத் தேவரின் பசும்பொன் இதே வட்டாரம்தான். நிலம் கரிசல், விவசாயம் மானாவாரி. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை ஏமாற்றாமல் பெய்து கண்மாய் நிறைந்தால் நெல், மிளகாய், பருத்தி. ஏமாற்றினால் திருப்பூருக்கோ சென்னைக்கோ வளைகுடாவுக்கோ பஸ் ஏற வேண்டியதுதான். உழாமல் விட்ட நிலத்தைச் சீமைக் கருவேலம் பிடித்துக்கொள்ளும்.

அந்தக் கருவேலத்தை வைத்தே ஒரு பிழைப்பும் உண்டு. வெட்டிய விறகைக் கூம்பாக அடுக்கி, மேலே வைக்கோலும் இலைதழையும் போட்டு, மண்ணால் மூடி, உள்ளே தீ வைப்பார்கள். இதற்கு மூட்டம் போடுவது என்று பெயர். காற்று அதிகமாகப் போனால் எல்லாம் சாம்பலாகிவிடும், போகவே இல்லையென்றால் வேகாத கட்டைதான் மிஞ்சும். புகையின் நிறத்தைப் பார்த்துப் பார்த்து ஓட்டையைத் திறந்தும் அடைத்தும் நாள்கணக்கில் காவல் இருந்தால் கரி கிடைக்கும். அது மூட்டையில் ஏறி வெளியூர்களுக்குப் போகும். ஆக, எரிசக்தியை உண்டாக்கி வெளியே அனுப்புவது இந்த ஊருக்குப் புதிதில்லை. ராமநாதபுரத்துக்குப் பக்கத்தில் வழுதூரில் இயற்கை எரிவாயு மின் நிலையமும் இருக்கிறது.

2015-இல் இங்கே வந்த திட்டத்தின் அளவு வேறு. 2,500 ஏக்கர், 25 லட்சம் பேனல்கள், அவற்றைத் தாங்க 3,80,000 அடித்தளங்கள், 576 இன்வெர்ட்டர்கள், 154 டிரான்ஸ்ஃபார்மர்கள், 6,000 கிலோமீட்டர் கேபிள். மொத்தச் செலவு 4,550 கோடி ரூபாய் என்றது நிறுவனம். மெகாவாட்டுக்குச் சுமார் 7 கோடி.

பட்டியலைப் படித்தால் மலைப்பாக இருக்கும், ஆனால் வேலை செய்யும் விதம் எளிமையானது. பேனலில் வெயில் பட்டதும் டிசி மின்சாரம் உண்டாகிறது. பல பேனல்களை வரிசையாகக் கோத்து மின்னழுத்தத்தைக் கூட்டி, இன்வெர்ட்டருக்கு அனுப்பி ஏசி ஆக்குகிறார்கள். அங்கிருந்து டிரான்ஸ்ஃபார்மர் படிப்படியாக ஏற்றிக் கொடுக்க, கமுதி 400 கிலோவோல்ட் துணைமின் நிலையம் வழியாக மாநிலத்தின் மின்தொகுப்பில் சேர்கிறது. கொதிகலன் இல்லை, சுழலி இல்லை, நிலக்கரி லாரி இல்லை. எரிபொருள் செலவு பூஜ்யம் என்பதால் போடும் பணம் முழுவதும் முதல் நாளே போய்விடுகிறது. மிச்சம் 25 ஆண்டும் கடனை அடைப்பதும் பராமரிப்பதும்தான். அனல் மின் நிலையம் விலை கட்டுப்படியாகாவிட்டால் நிலக்கரி வாங்குவதைக் குறைத்துக்கொள்ளலாம். சூரிய மின் நிலையத்துக்கு அந்த வசதி கிடையாது. இதனால்தான் ஒப்பந்தமில்லாமல் எந்த வங்கியும் கடன் கொடுப்பதில்லை.

கரிசல் மண்ணில் இதைக் கட்டுவது சும்மா இல்லை. மழை பெய்தால் கரிசல் உப்பும், காய்ந்தால் காலை விடும் அளவுக்கு வெடிக்கும். அந்த மண்ணில் ஊன்றிய கம்பம் ஆண்டுக்கு ஆண்டு கொஞ்சம் கொஞ்சமாக அசைந்தால் பேனலின் சட்டம் முறுக்கிக்கொள்ளும், கண்ணாடி விரிசல் விடும். 3,80,000 அடித்தளம் என்பது பெருமைக்காகச் சொல்லும் எண் மட்டும் இல்லை, மண் கேட்ட விலையும் அதில் இருக்கிறது. அதுவும் வேலை நடந்தது 2015-இன் வடகிழக்குப் பருவத்தைத் தாண்டி. சென்னை மூழ்கியதே, அந்தப் பருவம்.

வெயில் கொளுத்தினால் மின்சாரம் கொட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். பேனலுக்குத் தேவை வெளிச்சம், சூடு அதற்கு எதிரி. பேனலின் பின்பக்கம் ஒட்டியிருக்கும் வாட் கணக்கு, செல்லின் (பேனலுக்குள் வரிசையாக இருக்கும், மின்சாரம் உண்டாக்கும் சிலிக்கன் வில்லைகள்தான் செல்) வெப்பம் 25 டிகிரியில் இருக்கும்போது எடுத்தது. அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.4 சதவீதம் குறையும். சித்திரை மத்தியானத்தில் செல் 60 டிகிரியைத் தொட்டால் 14 சதவீதம் காலி. அதனால் தென் மாவட்டங்களில் பேனல் நன்றாக உழைப்பது அக்னி நட்சத்திரத்தில் அல்ல, வானம் துடைத்துவிட்டதுபோல் இருக்கும் மாசி, பங்குனியில்.

அப்புறம் தூசி. கரிசல் காட்டுத் தூசி பேனலில் படிந்து, விடியற்காலைப் பனியில் நனைந்து, காய்ந்தால் மெல்லிய பூச்சாகிவிடும். ஒரு காக்கை எச்சம்கூடச் சின்ன விஷயமில்லை. நிழல் விழுந்த செல், தான் மின்சாரம் தராதது போக, மற்ற செல்கள் தரும் மின்சாரத்தைத் தடுத்துச் சூடேறும். அந்த இடம் கருகும். கமுதியில் துடைப்பதற்கு ரோபோக்களை வைத்திருக்கிறார்கள். பேனல் வரிசையின் மேல்விளிம்பிலும் கீழ்விளிம்பிலும் சக்கரம் பதித்து, நீளமான பிரஷ் ஒன்று சுழன்றபடி வரிசையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நகரும். அதற்கு வேண்டிய மின்சாரம் அதன் தலையிலேயே உள்ள சின்னப் பேனலிலிருந்து வருகிறது.

சரி, இவ்வளவும் சேர்ந்து எவ்வளவு மின்சாரம் தரும்? 648 மெகாவாட் நிலையம் ஆண்டு முழுவதும், நாள் முழுவதும் முழுத் திறனில் ஓடினால் 567 கோடி யூனிட் வரும். இரவு இருக்கிறது, மேகம் இருக்கிறது, காலையிலும் மாலையிலும் சாய்ந்த வெயில் இருக்கிறது. தமிழ்நாட்டில் இந்தத் தொகையில் 19 சதவீதம் கிடைக்கும் என்று வைத்துக் கணக்குப் போடுவது வழக்கம். அப்படிப் பார்த்தால் ஆண்டுக்குச் சுமார் 108 கோடி யூனிட். 7.01 வீதம் 756 கோடி ரூபாய் வருமானம்.

திறந்த சமயத்தில் 1,50,000 வீடுகளுக்குப் போதுமான மின்சாரம் என்று செய்திகளில் வந்தது. 108 கோடியை 1,50,000-ஆல் வகுத்துப் பாருங்கள். வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு 1,200 யூனிட் வருகிறது. கமுதிப் பக்கம் அந்த அளவுக்கு ஈபி பில் வரும் வீடுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். யூனிட்டை மட்டும் பார்த்தால் வீடுகளின் எண்ணிக்கை அதைப்போலப் பல மடங்கு இருக்க வேண்டும். ஆனால் ராத்திரி எட்டு மணிக்கு அதில் ஒரு வீட்டுக்குக்கூட இங்கிருந்து மின்சாரம் போகாது. இந்த ‘இத்தனை வீடுகளுக்கு’ என்கிற அளவுகோலை நான் எங்கே பார்த்தாலும் ஒதுக்கிவிடுவது வழக்கம்.

இனி விலைக்கு வருவோம்.

2012-இல் ஜெயலலிதா அரசு சூரிய மின்சக்திக் கொள்கையை அறிவித்தது. 2015-க்குள் 3,000 மெகாவாட் என்பது இலக்கு. அன்று தமிழ்நாட்டில் மின்வெட்டு உச்சத்தில் இருந்தது, ஆகவே இலக்கும் பெரிதாக இருந்தது. 2013-இல் மின்வாரியம் டெண்டர் விட்டது. குறைந்த விலையாக வந்தது யூனிட்டுக்கு 6.48 ரூபாய், அதுவும் பத்து ஆண்டுக்கு வருடம் 5 சதவீதம் ஏறிக்கொண்டே போகும். அந்த டெண்டரால் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. 2015 தொடக்கத்தில் கணக்கெடுத்தால் 3,000-இல் பத்தில் ஒரு பங்குகூட வரவில்லை.

இதற்கிடையில் 2014 செப்டம்பர் 12 அன்று தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் வேறு வழியைத் திறந்தது. ஒரு மெகாவாட் கட்ட என்ன செலவாகும், வட்டி எவ்வளவு, முதலீட்டுக்கு லாபம் எவ்வளவு, எத்தனை யூனிட் வரும் என்று கணக்குப் போட்டு ஒரு விலையை நிர்ணயித்தது. அதுதான் 7.01. குறிப்பிட்ட கெடுவுக்குள் நிலையத்தை இயக்கத்துக்குக் கொண்டுவரும் எவருக்கும் இந்த விலை. ஏலம் இல்லை, போட்டி இல்லை. கெடு பிறகு 2016 மார்ச் 31 வரை நீட்டிக்கப்பட்டது.

2014-இல் அந்த விலை அநியாயம் என்று சொல்ல முடியாது. தேசிய சூரிய மின் இயக்கத்தின் முதல் ஏலத்தில், 2010-இல், சராசரி விலையே 12 ரூபாய்க்கு மேல். சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. பேனல் விலை மாதாமாதம் சரிந்துகொண்டிருந்த காலம் அது. அப்படிப்பட்ட சந்தையில் விலையை அரசு ஒருமுறை எழுதி வைத்துவிட்டு, கெடுவை மட்டும் தள்ளிப் போட்டால், இடைப்பட்ட காலத்தில் குறையும் செலவு முழுவதும் கட்டுபவரின் பைக்குப் போகும். வாங்குபவருக்கு ஒரு காசு குறையாது. ஏலத்தில் இது தலைகீழ்: குறையப் போகும் செலவை முன்கூட்டியே ஊகித்து நிறுவனங்கள் தாங்களாகவே விலையைக் குறைத்துக் கேட்கும். அதே 2015-இல் மத்தியப் பிரதேச ஏலத்தில் 5.05 ரூபாய்க்கு வந்து நின்றார்கள்.

இதைக் காட்டித்தான் திமுக தலைவர் கருணாநிதியும் பாமக நிறுவனர் ராமதாசும் கேள்வி எழுப்பினார்கள். அங்கே 5.05-க்குக் கிடைப்பதை இங்கே ஏன் 7.01-க்கு வாங்க வேண்டும்? ஆணையம் நிர்ணயித்த விலைதான், யார் வந்தாலும் இதே விலைதான் என்பது அரசின் பதில். இரண்டு பக்கமும் சொன்னது உண்மைதான். சட்டப்படி 7.01 சரி. ஆனால் 648 மெகாவாட்டை ஒரே குழுமத்திடம் வாங்குகிற அளவுக்கு வந்த பிறகு ஏலத்தைப் பற்றி யோசிக்காமல் விட்டது, என் பார்வையில், மின்வாரியத்தின் பெரிய தவறு. இரண்டு விலைக்கும் உள்ள வித்தியாசத்தை 108 கோடி யூனிட்டால் பெருக்கினால் ஆண்டுக்கு 200 கோடிக்கு மேல் வருகிறது. அதை 25 ஆண்டுக்குக் கொடுக்க வேண்டும். கொடுப்பவரோ, ஒரு லட்சம் கோடிக்கு மேல் கடன் சுமக்கும் வாரியம்.

கெடு என்ன செய்தது என்பதையும் பார்க்க வேண்டும். கமுதி நிலையத்தை எட்டே மாதத்தில் கட்டினார்கள் என்பது எல்லாக் கட்டுரையிலும் இடம்பெறும் வியப்பு. சுமார் 8,500 பேர் வேலை பார்த்தார்கள், நாளொன்றுக்கு 11 மெகாவாட் நிறுவினார்கள் என்பார்கள். (எட்டு மாதமும் அந்த வேகம் என்றால் 2,600 மெகாவாட் வந்திருக்க வேண்டும். கடைசி ஓட்டத்தின் வேகமாகத்தான் இருக்கும்.) பொறியாளர்களின் திறமையைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் 2015 ஜூலையில் ஒப்பந்தம், 2016 மார்ச் 31-இல் கெடு. நடுவில் இருப்பது எட்டு மாதமும் சொச்சமும். மார்ச் 28 அன்று ஆணையம் அடுத்த விலையை அறிவித்தது: 5.10. கெடுவைத் தவறவிட்டால் யூனிட்டுக்கு 1.91 ரூபாய் போய்விடும். ராத்திரி பகலாக 8,500 பேரை வேலை வாங்கியது அந்த 1.91.

காகிதத்தில் கமுதி ஒரு நிலையம் இல்லை, ஐந்து: 216 மெகாவாட்டில் இரண்டு, 72-இல் மூன்று. ஐந்துக்கும் தனித்தனி ஒப்பந்தம், வெவ்வேறு நிறுவனப் பெயர்கள். இதில் மொத்தம் 288 மெகாவாட்டுக்கு எந்த ஆணையின் விலை பொருந்தும் என்பதில் தகராறு வந்தது. 5.10 தான் என்றது மின்வாரியம். 7.01 என்றது நிறுவனம். 19 சதவீதக் கணக்கில் 288 மெகாவாட் ஆண்டுக்கு 48 கோடி யூனிட் தரும், 1.91-ஆல் பெருக்கினால் ஆண்டுக்கு 90 கோடிக்கு மேல். விட்டுக்கொடுக்கிற தொகையா அது? வழக்கு ஒழுங்குமுறை ஆணையத்தில் தொடங்கி டெல்லியில் உள்ள மின்சாரத்துக்கான மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் வரை போனது. 2022 அக்டோபரில் தீர்ப்பாயம் நிறுவனத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. அதாவது நிலையம் ஓட ஆரம்பித்து ஆறு ஆண்டு கழித்து, அதில் கிட்டத்தட்டப் பாதி மின்சாரத்தின் விலை என்னவென்று தெரிந்தது.

அதற்குள் சந்தை எங்கோ போய்விட்டது. 2017 மே மாதம் பட்லாவில் 2.44 ரூபாய். அதே ஆண்டு தமிழ்நாட்டு மின்வாரியமே 1,500 மெகாவாட்டுக்கு ஏலம் விட்டு 3.47-க்கு வாங்கியது, அதில் 709 மெகாவாட்டை எடுத்தது நெய்வேலி என்எல்சி. 2020 டிசம்பரில் குஜராத்தில் 1.99. கமுதி விலை மட்டும் 2041 வரை அதே இடத்தில் நிற்கும்.

மின்வாரியத்துக்காக ஒன்று சொல்லியாக வேண்டும். 2017-இல் 3.47-க்குக் கிடைத்தது என்றால் அதற்கு முன்னால் யாராவது 12 ரூபாய்க்கும் 7 ரூபாய்க்கும் வாங்கியிருக்க வேண்டும். கமுதிபோன்ற நிலையங்களைக் கட்டித்தான் ஒப்பந்தக்காரர்கள் வேலை கற்றார்கள், வங்கிகளுக்குத் துணிச்சல் வந்தது. இந்தப் பள்ளிக்கூடக் கட்டணத்தை மாநிலத்து மின் நுகர்வோர் கட்டினார்கள் என்பது வேறு விஷயம்.

நிலையான வருமானம் உள்ள சொத்துக்கு வாங்க ஆள் வருவார்கள். 2020-இல் பிரான்சின் டோட்டல் நிறுவனம், அதானியின் இயங்கிக்கொண்டிருந்த 2,148 மெகாவாட் சூரிய மின் நிலையங்கள் அடங்கிய கூட்டு நிறுவனத்தில் பாதிப் பங்கை வாங்கியது. கமுதி அதில் அடக்கம். பாரிஸில் இருக்கும் எண்ணெய் நிறுவனத்துக்குக் கரிசல் காட்டு வெயிலில் பங்கு கிடைத்தது இப்படித்தான். அவர்கள் வாங்கியது பேனல்களை என்பதைவிட, 25 ஆண்டுக்கு விலை எழுதிய காகிதங்களை என்பது சரியாக இருக்கும்.

அந்தக் காகிதத்திலும் ஓட்டை இல்லாமல் இல்லை. விலை 7.01 என்று எழுதியிருக்கலாம், எப்போது கொடுப்பார்கள்? தமிழ்நாட்டில் காற்றாலை, சூரிய மின் உற்பத்தியாளர்களுக்கு மின்வாரியம் வைத்த பாக்கி ஓராண்டுக்கும் மேல் இழுத்த காலங்கள் உண்டு. வங்கிக்கு வட்டி மாதாமாதம் கட்ட வேண்டும். பெரிய குழுமம் சமாளித்துவிடும், 5 மெகாவாட், 10 மெகாவாட் வைத்திருக்கும் உள்ளூர் ஆட்கள் திணறிப் போனார்கள். 2022-இல் மத்திய அரசு தாமதக் கட்டண விதிகளைக் கொண்டுவந்து, பழைய பாக்கியைத் தவணையில் அடைக்க வைத்த பிறகுதான் இந்த நிலைமை கொஞ்சம் தேறியது.

இன்னொரு தொல்லை, உற்பத்தியை நிறுத்தச் சொல்வது. சூரிய மின் நிலையங்கள் எப்போதும் ஓட வேண்டியவை, அவற்றின் மின்சாரத்தை முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது விதி. மின்தொகுப்புக்கே ஆபத்து என்றால்தான் நிறுத்தச் சொல்லலாம். நடைமுறையில் என்ன நடக்கும் என்றால், ஆனி முதல் ஆவணி வரை ஆரல்வாய்மொழியிலும் பாலக்காட்டுக் கணவாய்ப் பக்கமும் காற்றாலைகள் பிய்த்துக்கொண்டு ஓடும். மத்தியானம் பேனல்களும் உச்சத்தில் இருக்கும். அனல் மின் நிலையங்களை ஓரளவுக்குக் கீழே இறக்க முடியாது, மாலை திரும்பத் தேவைப்படும் என்பதால் அணைக்கவும் முடியாது. அப்போது, எந்த நிலையம் எவ்வளவு ஓட வேண்டும் என்று சொல்லும் மாநில மின்சுமை அனுப்பகத்திலிருந்து சூரிய நிலையங்களுக்குப் போன் வரும்: குறையுங்கள். 7 ரூபாய் மின்சாரத்தைக் குறைத்தால் வாரியத்துக்குப் பணம் மிச்சம் என்பதும் அதில் கலந்திருக்கிறது என்று உற்பத்தியாளர்கள் சொல்லிவந்தார்கள். தேசிய சூரிய ஆற்றல் கூட்டமைப்பு தொடுத்த வழக்கில், 2021 ஆகஸ்டில், மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அதை ஏற்றுக்கொண்டது. தொகுப்பின் பாதுகாப்புக்காக இல்லாமல் பணக் காரணத்துக்காக நிறுத்தியிருக்கிறார்கள் என்று சொல்லி, இழப்பீடு கொடுக்க உத்தரவிட்டது.

மாலையில் பிரச்சினை நேர் எதிராகிவிடும். மாலை 6 மணியிலிருந்து 10 மணி வரை உச்ச நேரம் என்று தொழிற்சாலைகளிடம் கூடுதல் கட்டணம் வாங்குகிறது வாரியம். சரியாக அந்த நேரத்தில் கமுதியின் இன்வெர்ட்டர்கள் ஒவ்வொன்றாக அடங்கிவிடும். மத்தியானத்து மின்சாரத்தை மாலைக்கு எடுத்து வைக்கத் தமிழ்நாட்டிடம் உருப்படியாக இருக்கும் பழைய ஏற்பாடு கோவை மாவட்டத்தின் காடம்பாறை: 400 மெகாவாட், தண்ணீரை மேலே ஏற்றிவைத்து வேண்டும்போது இறக்கும் நீரேற்று மின் நிலையம், 1980-களில் கட்டியது. நீலகிரியில் 500 மெகாவாட் குந்தா திட்டம் பல ஆண்டுகளாக இழுத்துக்கொண்டிருக்கிறது. மாநிலத்தின் சூரிய மின் திறனோ 2025 வாக்கில் 10,000 மெகாவாட்டைத் தொட்டுவிட்டது.

இவ்வளவு பேசியும் கமுதிக்காரர்கள் கதையில் வரவில்லை, கவனித்தீர்களா? திட்டத்திலும் அவர்கள் இடம் அவ்வளவுதான்.

நிலம் விலைக்கு வாங்கப்பட்டது. விளையாத மானாவாரி நிலம், பட்டாதாரர் பாதிப் பேர் வெளியூரில், ஊருக்குள் புரோக்கர்கள். இந்த மாதிரி சமயங்களில் முதலில் விற்றவருக்கு ஒரு விலை, விஷயம் தெரிந்து கடைசியில் விற்றவருக்கு இன்னொரு விலை என்று ஆவது எல்லா ஊரிலும் நடப்பது. விற்றதும் உறவு முடிந்தது. ஆடு மேய்த்தவருக்கும், கருவேலம் வெட்டி மூட்டம் போட்டவருக்கும், மிளகாய் பழம் பறிக்கக் கூலிக்குப் போனவருக்கும் பட்டாவே கிடையாது என்பதால் அவர்கள் எந்தப் பேச்சுவார்த்தையிலும் இல்லை.

பாவகடாவில் வேறு மாதிரி செய்தார்கள். கர்நாடகத்தின் துமகூரு மாவட்டத்தில், இதே போன்ற வறண்ட பூமியில், ஐந்து கிராமங்களின் சுமார் 13,000 ஏக்கரை அரசு நிறுவனமே விவசாயிகளிடம் குத்தகைக்கு எடுத்து மின் நிறுவனங்களுக்குக் கொடுத்தது. ஏக்கருக்கு ஆண்டுக்கு 21,000 ரூபாய், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை 5 சதவீதம் ஏறும். நிலம் விவசாயி பெயரிலேயே இருக்கும். மழையை நம்பிக் கடலை போட்டு ஏமாந்தவருக்கு இது நிச்சயமான வருமானம், மறுக்க முடியாது. நிறைய நிலம் வைத்திருந்தவருக்கு நிறைய, கொஞ்சம் வைத்திருந்தவருக்குக் கொஞ்சம். நிலமே இல்லாதவருக்கு அங்கேயும் ஒன்றும் இல்லை. அவருக்கு இருந்த கூலி வேலையும் போயிற்று. எனக்கு இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் குத்தகைதான். ஆனால் அது நிலக்காரர்களின் தீர்வு என்பதை மறைத்துப் பேசுவதும் சரியில்லை.

வேலை வாய்ப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. கட்டும்போது 8,500 பேர். கட்டி முடித்ததும் அந்தக் கூட்டம் கலைந்துவிட்டது. சூரிய மின் நிலையத்தின் கவர்ச்சியே அதை நடத்த ஆள் அதிகம் வேண்டாம் என்பதுதான். திரையைப் பார்த்துப் பழுதைக் கண்டுபிடிக்கும் பொறியாளர்கள் சிலர், தொழில்நுட்பப் பணியாளர்கள், மற்றபடி உள்ளூர் ஆட்களுக்குக் காவல் வேலையும் புல் வெட்டும் வேலையும். புல் வெட்டுவது தேவைதான், பேனல் நிழலில் மண் ஈரம் தங்குவதால் களையும் கருவேலமும் ஜோராக வளரும். ஆனால் அது ஒரு தலைமுறையை ஊரில் நிறுத்தி வைக்கும் வேலை கிடையாது. ரோபோ துடைப்பதால் துடைக்கும் வேலையும் குறைவு.

துடைப்பதில் தண்ணீர்ப் பிரச்சினையும் ஒளிந்திருக்கிறது. குடத்தோடு லாரிக்குக் காத்திருக்கும் ஊரில், கண்ணாடி கழுவத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி எழத்தான் செய்யும். நிலத்தடி நீரை எடுப்பதாகச் சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து புகார்களும் கிளம்பின. உலர்ந்த பிரஷ் இதற்கு ஒரு பதில். ஆனால் ஒட்டிய கறைக்குத் தண்ணீர் இல்லாமல் முடியாது, உப்புத் தண்ணீர் ஊற்றினால் கண்ணாடியில் வெள்ளைப் பூச்சு படியும். நல்ல தண்ணீர்தான் வேண்டும், அதுதான் அங்கே கிடையாது.

2041-இல் ஒப்பந்தம் முடிகிறது. அப்போதும் பேனல்கள் ஓடலாம், 25 ஆண்டில் அவற்றின் திறன் ஐந்தில் ஒரு பங்கு குறையும் என்பது பொதுவான கணக்கு. ஆனால் ஒரு பேனலில் இருந்து கிடைக்கும் வாட் இந்தப் பத்தாண்டில் கிட்டத்தட்ட இரண்டு மடங்காகிவிட்டதால், பழையதைக் கழற்றிவிட்டுப் புதிதாகப் போடுவதே லாபம் என்று ஒப்பந்தம் முடியும் முன்பே யாராவது கணக்குப் போடுவார்கள். 400 கிலோவோல்ட் லைன் வாசலில் இருக்கிறது, நிலம் நிறுவனத்தின் கையில் இருக்கிறது. மின் சந்தையில் இவை இரண்டும்தான் இன்றைக்குக் கிடைக்காத சரக்கு. கழற்றும் 25 லட்சம் பேனலில் பெரும்பகுதி கண்ணாடியும் அலுமினியமும், கொஞ்சம் சிலிக்கன், துளி வெள்ளி, பற்றவைப்பில் ஈயம். 2022-இன் மின்னணுக் கழிவு விதிகள் சூரிய பேனலையும் சேர்த்துக்கொண்டன: கழிவான பேனல்களை 2034-35 வரை பத்திரமாகச் சேமித்து வைத்துக் கணக்குக் கொடுக்க வேண்டும். கமுதியின் பேனல்கள் மொத்தமாகக் கீழே இறங்கும் நாள் அனேகமாக அதற்குப் பிறகுதான் வரும், அதற்கான விதி இன்னும் எழுதப்படவில்லை.